பழி சிறுத்தைமேல், முட்டை கீரி வயிற்றில்!

வால்பாறைத் தேயிலைத் தோட்ட லைன் வீட்டில் ஒரு கோழி காணாமல் போனால் முதல் பழி யார்மேல் விழும்? சந்தேகமே வேண்டாம், சிறுத்தைமேல்தான்! ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 3,500 அடி உயரத்தில், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் நடுவில் குடியிருக்கும் ஊர் வேறு யாரைச் சொல்லும்? ஆனால் இதே தேயிலைக் காட்டுச் சிறுத்தைகளின் எச்சத்தைப் பொறுக்கி ஆராய்ந்தவர்கள் 2015இல் என்ன எழுதினார்கள் தெரியுமா? அவற்றின் இரையில் சுமார் 98 சதவீதம் காட்டு விலங்குகள்! கேளையாடு, சருகுமான், கடமான், முள்ளம்பன்றி. நாம் வளர்ப்பவை இரண்டு சதவீதம்கூடத் தேறவில்லை.

அப்படியானால் கோழி எங்கே போனது?

தடயம் பாருங்கள். பட்டப்பகலில், ஒரு இறகுகூடச் சிந்தாமல் குஞ்சு மட்டும் மாயமா? வானத்தைப் பாருங்கள்: பருந்து, வல்லூறு, சில நேரம் நம்ம காக்கா. அடையில் வைத்த முட்டை உடைந்து ஓடு கிடக்கிறதா? கீரி. (நாக நஞ்சே எளிதில் ஏறாத உடம்பு அதற்கு, கோழியின் கொத்தலுக்கா பயப்படும்!) ஓடும் இல்லை, முட்டையும் இல்லையென்றால் பாம்பு. முழுசாக விழுங்கிவிட்டு, புகுந்த ஓட்டை வழியே திரும்பிப் போக முடியாமல் வயிறு மாட்டிக்கொண்டு கிடக்கிற பாம்பும் உண்டு.

ராத்திரியில் நாலைந்து கோழி கழுத்துக் கடிபட்டுச் செத்து, தின்னாமலே கிடக்கிறதா? காட்டுப்பூனையோ புனுகுப்பூனையோ நாயோ உள்ளே நுழைந்திருக்கிறது. பசி ஒரு கோழியோடு அடங்கியிருக்கும். அடைத்த கூண்டுக்குள் மற்றவை படபடக்கப் படபடக்கக் கடிக்கும் வேகம் அடங்காது. இந்த வரிசையில் பாவப்பட்ட ஜீவன் ஒன்றும் உண்டு: மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் பழுப்பு மரநாய். பெரும்பாலும் பழம் தின்று, விதையைக் காடெல்லாம் போட்டுத் திரிகிற அதையும் பெயரைக் கேட்டே கோழித் திருடனாக்கிவிடுகிறோம்.

திருடன் யாரென்று தெரிந்துவிட்டது, தடுப்பது எப்படி? கடையில் விற்கும் அறுகோணக் கண் கோழி வலை இருக்கிறதே, அது கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான்; திருடன் உள்ளே வராமல் தடுக்க அல்ல! நாய் கடித்தால் பிய்ந்துவிடும். அரை அங்குலக் கண் வைத்த வெல்டு மெஷ்தான் சரி. அதையும் தரையோடு நிறுத்திவிட்டால் நாய் தோண்டிக்கொண்டு வரும். ஓரடி வலையை வெளிப்பக்கமாகப் படுக்கவைத்து மண்ணைப் போட்டு மூடினால், தோண்டும் பாதம் கம்பியில் முட்டும். இன்னும் சுலபம், கூண்டைக் கால் வைத்துத் தூக்கிக் கட்டுவது. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு பக்கம் பெய்கிற மழைக்கும் அதுதான் தோது. பாட்டி காலத்துக் கொடாப்புக் கூடை பகல் பருந்துக்குப் போதும், ராத்திரிக்கு ஆகாது.

ஒரு எச்சரிக்கை. 98 சதவீதம் என்று சொன்னதால் சிறுத்தையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். குழந்தைகளையே பறிகொடுத்த ஊர் இது. கோழிக் கழிவை வீட்டோரம் கொட்டினால் நாயும் பன்றியும் வரும், அவற்றின் பின்னால் சிறுத்தை வரும். சுருக்கும் விஷமும் வைத்துப் பழிவாங்கப் போனால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவது நாம்தான்.

சரி, கோழி சும்மாவா இருக்கிறது? அதற்கு இருபதுக்கும் மேற்பட்ட குரல்கள் உண்டு தெரியுமா! பருந்துக்கு ஒரு குரல், தரையில் வரும் எதிரிக்கு வேறு குரல். முதல் குரல் கேட்டால் கூட்டம் பதுங்கும். இரண்டாவதற்குத் தலை நிமிர்ந்து சுற்றும் முற்றும் பார்க்கும். அதைவிட ஆச்சரியம் சேவல்! பருந்தைக் கண்டாலும் தனியாக நிற்கும்போது பெரும்பாலும் வாயைத் திறக்காது. பக்கத்தில் பெட்டை இருந்தால்தான் கூவி எச்சரிக்கும். தான் ஒளிய ஒரு புதர் கிடைத்துவிட்டால் இன்னும் நீளமாகக் கத்தும். வீரத்திலும் ஒரு கணக்கு! குஞ்சுகளோ வானத்து ஆபத்தை வலக்கண்ணைவிட இடக்கண்ணால் சீக்கிரம் கண்டுகொள்கின்றன.

கோழிக்குக் காட்டிலும் ஒரு சொந்தம் உண்டு. நம்ம நாட்டுக்கோழியின் மஞ்சள் காலைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்துக்கான மரபணு எங்கிருந்து வந்தது தெரியுமா? கோழிகளின் மூதாதை என்று சொல்லும் செங்காட்டுக்கோழியிடமிருந்து அல்ல; வால்பாறைத் தேயிலைக்குள் இன்றைக்கும் திரிகிற சாம்பல் காட்டுக்கோழி இனத்திடமிருந்து! 2008இல் மரபணு ஆய்வு சொன்ன சேதி இது. அந்தச் சொந்தக்காரனுக்கு யாரும் கூண்டு கட்டிக் கொடுக்கவில்லை. பொழுது சாய்ந்தால் மரத்தில் ஏறிக்கொள்கிறது. கூண்டுக்குள் ஒரு கழி குறுக்கே கட்டிப் பாருங்கள், உங்கள் கோழியும் தரையை விட்டு அதில்தான் ஏறி உட்காரும். இருட்டியபின் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. கையால் தூக்கினாலும் ஓடாது. அதனால்தான் யாரும் விரட்டாமலே, மலைமுகட்டில் வெளிச்சம் மங்குமுன் தானே வீடு திரும்பிவிடுகிறது. கதவைச் சாத்தித் தாழ் போட மட்டும்தான் அதற்குத் தெரியாது.