போகச் செலவை முற்கூட்டி மதிப்பிடுதல்: எம்முறை எதற்கு ஏற்றது?



விதைப்புக் காலம் நெருங்கும்போது, “இம்முறை காசு எவ்வளவு முடியும்?” என்னும் வினா எல்லாக் கமக்கார வீடுகளிலும் எழுவதுண்டு. பெரும்பாலும் அதற்கு வாயளவிலேயே விடை கூறப்படுகின்றது. அவ்விடையை நம்பியே நகை அடகு வைக்கப்படுகின்றது, கடனும் பெறப்படுகின்றது. வெங்காயம் நட்ட நாற்பதாம் நாள் எண்ணெய்க்கும் மருந்துக்கும் காசு இல்லாது போகுமாயின், அதுவரை இட்ட முதல் முழுவதும் தோட்டத்தில் நின்று வாடும். அவ்வேளை கூடிய வட்டிக்குக் கைமாற்று வாங்கவோ, நிற்கும் பயிரை வந்த விலைக்குப் பேசிவிடவோ நேரிடும். ஆதலின், எத்தொகையை எம்முறையால் மதிப்பிட்டீர்கள் என்பது சிறு விடயமன்று.

யாவரும் அறிந்த முறை, சென்ற போகத்துச் செலவைக் கொண்டு இப்போகத்தை அளத்தல். இது விரைவானது, பயிர் செய்வதா, நிலத்தை விட்டுவைப்பதா என்று ஒரு மாலைப்பொழுதில் முடிவு செய்வதற்குப் போதுமானது. நிலம், பயிர், விலை ஆகிய மூன்றும் பெரிதும் மாறாதிருந்தால் மாத்திரமே இதனை நம்பலாம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், அத்தடை அவ்வாண்டு நவம்பரில் தளர்த்தப்பட்டதையும், 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதையும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கு முந்திய போகத்துக் கணக்கை அப்படியே எடுத்து எழுதியவரின் கணக்கு, விதைநெல் மண்ணில் விழுமுன்னரே பொய்த்துப்போயிற்று.

இரண்டாவது, ஏக்கருக்கு இவ்வளவு என்று பெருக்கிக் காணும் முறை. விவசாயத் திணைக்களத்தின் சமூகப் பொருளாதார மற்றும் திட்டமிடல் நிலையம் பயிர்ச்செய்கைச் செலவு விபரங்களைப் போகவாரியாகவும் மாவட்டவாரியாகவும் வெளியிட்டு வருகின்றது. அவை சராசரிக் கணக்குகள். உங்கள் மதிப்பீடு அவற்றுக்கு வெகுதூரம் விலகியிருந்தால், எங்கோ ஒரு வேலை விடுபட்டது என்று ஐயுறுவதற்கு அவை பெரிதும் உதவும். ஆயினும் சிறு காணிக்கு அத்தொகையை வெறுமனே பிரித்துக்கொள்ளலாகாது. வேலியை எண்ணிப் பாருங்கள். சதுரமான ஓர் ஏக்கர், அதாவது 16 பரப்பு, பக்கமொன்றுக்கு ஏறக்குறைய 209 அடி. சுற்றளவு 835 அடி. சதுரமான 4 பரப்பின் சுற்றளவோ 417 அடி. நிலம் நாலில் ஒன்றாயினும் வேலி பாதியாகவே குறைகின்றது. உழவு இயந்திரத்தைக் கொண்டுவரும் கூலியும், பசளை ஏற்றும் வண்டிக்கூலியும் இத்தன்மையனவே.

கடன் எவ்வளவு பெறுவது என்று தீர்மானிக்கும்போது இவ்விரு முறைகளும் போதா. அதற்கு வேலைவாரியாக எழுதும் முறையே தக்கது. ஒரு கொப்பியில் நிலம் பண்படுத்தல் முதல் சந்தைக்கு ஏற்றுதல் வரை ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியாக எழுதுக. ரூபாயை முதலில் எழுதவேண்டாம். எத்தனை ஆள், எத்தனை லீற்றர், எத்தனை அந்தர் என்பதை முதலில் எழுதிப் பின்னர் விலையை விசாரித்துப் பெருக்குக. விலை மாறினால் அவ்விடத்தை மாத்திரம் திருத்திக்கொள்ளலாம். வேலையின் அளவு அவ்வளவு எளிதில் மாறாது. சின்ன வெங்காயத்தில் விதை வெங்காயமே பெருஞ்செலவாகையால், அவ்வரியைச் சற்று நின்று எழுதுதல் நன்று. சேமிப்பில் வெங்காயம் காய்ந்து நிறை குறையும். சிறிது அழுகியும் போகும். முன்கூட்டி வாங்கிவைத்த ஓர் அந்தர், நடுகைநாளில் ஓர் அந்தராக இராது.

எதிர்பாராச் செலவுக்கென்று மொத்தத்தில் பத்திலொரு பங்கைக் கூட்டிவிடுவோர் பலர். இது சோம்பலான வழி என்றே கூறவேண்டும். குத்தகை பேசி முடிந்தபின் அத்தொகை மாறப்போவதில்லை. நீரிறைப்பும், களை பிடுங்கலும், மருந்தடிப்புமே மாறுவன. அவ்வரிகளுக்கு மாத்திரம் மூன்று மதிப்புகள் எழுதுக: காலம் நன்றாயின், வழக்கம்போலாயின், கெட்டதாயின். உதாரணமாக, எழுபது நாட் பயிரொன்றுக்கு நாலு நாளைக்கொருமுறை நீரிறைப்பதாயின் ஏறக்குறைய 17 முறை. இடையில் மழை கிடைத்தால் 12. வெயில் கடுமையாகி மூன்று நாளைக்கொருமுறை இறைக்க நேர்ந்தால் 23. ஒரு முறைக்கு 4 லீற்றர் எண்ணெய் என்று கொண்டால் 48, 68, 92 லீற்றர் ஆகின்றன. 68 லீற்றருக்குக் கணக்கெழுதி, எஞ்சிய 24 லீற்றரின் பெறுமதியைத் தனியே ஒதுக்கிவைத்தல் வேண்டும். மழை மிகுந்தால் அவ்வொதுக்கம் பங்கசுநாசினிக்கு உதவும். இலை சுருளும் நோய் ஈரமான காலத்திலேயே வேகமாகப் பரவும்.

வீட்டார் செய்யும் வேலையைக் கணக்கிற் சேர்ப்பதா என்று அடிக்கடி கேட்கப்படுகின்றது. கடன் தொகையைக் காணும்போது சேர்க்கவேண்டாம். அதற்குக் கைக்காசு செல்வதில்லை. வெங்காயமா, புகையிலையா, மிளகாயா இலாபம் என்று ஒப்பிடும்போது கட்டாயம் சேர்க்கவேண்டும். அன்றேல், உங்கள் மனைவியும் மக்களும் கூடுதலாக உழைக்கும் பயிரே மலிவான பயிராகத் தோன்றும். இதற்காகவே திணைக்கள விபரங்களிலும் சொந்த உழைப்பைச் சேர்த்த செலவும், சேர்க்காத செலவும் தனித்தனியே காட்டப்படுகின்றன.

இறுதியாக, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அக்காசு தேவைப்படும் கிழமையையும் குறிக்க. மொத்தத் தொகை சரியாயிருந்தும் காசு பிந்தியமையால் கெட்ட பயிர்கள் உண்டு. வெங்காயத்தில் விதை, உழவு, எரு ஆகிய பெருஞ்செலவுகள் நடுகைக்கு முன்னரே வந்துவிடுகின்றன. பின்னர் சில்லறையாகச் சென்று, கிண்டிக் கட்டும் நாளில் மீண்டும் ஒருசேர வருகின்றன. நெல்லிலோ அறுவடை இயந்திரக் கூலியை நெல் விற்றபின் பெற இணங்குவோரும் உளர். அதனை விதைப்புக்கு முன்னரே பேசிவைத்தால், அத்தொகைக்குக் கடனும் வட்டியும் வேண்டியதில்லை.

இக்கொப்பியை வங்கிக்குச் செல்லுமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒருமுறை காட்டி, விடுபட்ட வேலை ஏதும் உண்டோ என்று கேட்டுக்கொள்க. வலப்பக்கத்தில் ஒரு நிரலை வெறுமையாக விட்டு, உண்மையிற் செலவானதை அன்றன்றே எழுதி வருக.