இஞ்சின்மேல் எழுதியிருப்பது என்ன?

லிங்கி, ரந்தாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வாசல்களைப் பாருங்கள். இருபது, முப்பது வருடம் ஓடிய கார்கள் இன்னும் நிற்கின்றன. செம்மண் பாதையில் தூசி குடித்துக் குடித்து ஒருநாள் இஞ்சின் ஓய்ந்து போகிறது. புதிய வண்டிக்கு வசதி ஏது? "சிரம்பானுக்குப் போனால் ஜப்பான் ஹாஃப்-கட் கிடைக்கும், மாற்றிவிடலாம்" என்று யாராவது யோசனை சொல்கிறார்கள். ஹாஃப்-கட் என்பது, அங்கே ஓடிய காரை நடுவில் வெட்டி, இஞ்சினோடு கப்பலேற்றி வரும் முன்பாதி. சீட்டுப் பணத்தோடு கடைக்குப் போகும் அந்த நேரத்தில், இஞ்சின்மேல் உள்ள இரண்டு மூன்று எழுத்துகளைப் படிக்கத் தெரிந்திருந்தால் பணம் தப்பும்.

முதலில் ஓர் அடிப்படை. பழைய இஞ்சினில் கார்புரேட்டர் இருக்கும். இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, அந்தக் காற்றோட்டமே பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு போகும். பிந்திய இஞ்சினில் அந்த வேலையை இன்ஜெக்டர் செய்கிறது. நம் பிள்ளைகள் விளையாடும் பீச்சாங்குழல் மாதிரிதான். ஆனால் ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே திறந்து மூடும். எவ்வளவு நேரம் திறப்பது என்று கணக்கிடுவது ஒரு மின்னணுப் பெட்டி. இஞ்சினின் சூடு, உள்ளே வரும் காற்றின் அளவு, புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜன் ஆகியவற்றை அதற்கு ஒயர் வழியாகச் சொல்ல உணர்விகள் உண்டு. ஏறத்தாழ 14.7 பங்கு எடைக் காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது அதன் கணக்கு.

இதற்கு டொயோட்டா வைத்த பெயர் இஎஃப்ஐ. ஹோண்டா பிஜிஎம்-எஃப்ஐ என்கிறது. மிட்சுபிஷி இசிஐ என்றது. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். பீச்சும் வேலை ஒன்றுதான்.

குழப்பம் வருவது எழுத்துகளில். 'டி' என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிட்சுபிஷியின் 4டி56 என்பதில் 'டி' டீசல். நிசானின் ஜிஏ15டிஇ என்பதில் அது மேலே இரட்டைக் கேம் தண்டு இருப்பதைக் குறிக்கிறது; டீசலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டொயோட்டாவின் கையேட்டில் 'டி வகை' இன்ஜெக்ஷன் என்று வரும். இந்த 'டி' ஜெர்மனியிலிருந்து வந்தது. 1967-இல் போஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் 1600 காருக்குத் தந்த டி-ஜெட்ரானிக்கில் 'டி' என்றால் 'ட்ருக்', அதாவது அழுத்தம். காற்றின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தீர்மானிக்கும் முறை அது. ஒரே எழுத்து, மூன்று கம்பெனி, மூன்று பொருள்!

எண்களும் அப்படியே. மிட்சுபிஷியின் 4ஜி15-இல் 4 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை, 'ஜி' என்பது பெட்ரோல். டொயோட்டாவின் 3எஸ்-எஃப்இ-யில் 3 என்பது 'எஸ்' குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை என்று மட்டுமே சொல்கிறது, சிலிண்டர் நான்குதான். அதன் கடைசி 'இ' இன்ஜெக்ஷனுக்கு அடையாளம். நிசானிலும் கடைசி 'இ' அதுவே. அந்த இடத்தில் 'எஸ்' வந்தால் கார்புரேட்டர்.

நம் ஊரில் அதிகம் அகப்படுவது 4ஜி15. 1985-இல் வந்த புரோட்டோன் சாகா மிட்சுபிஷியின் இந்த வரிசை இஞ்சின்களோடுதான் பிறந்தது. இங்கேதான் எச்சரிக்கை தேவை. 4ஜி15 கார்புரேட்டரோடும் வந்தது, இன்ஜெக்ஷனோடும் வந்தது. அந்த நான்கு எழுத்துகள் எது என்று சொல்வதில்லை. கண்ணால்தான் பார்க்க வேண்டும்: சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு இன்ஜெக்டர்கள் வரிசையாக நிற்கின்றனவா?

நின்றால், இஞ்சினை மட்டும் தூக்கி வந்து பழைய சாகாவில் வைத்தால் ஓடாது. மின்னணுப் பெட்டி வேண்டும். அதுவும் அதே இஞ்சினுக்கு உரியது வேண்டும். ஒயர்க் கட்டு முழுதாக வேண்டும். வெட்டும்போது ஒயரையும் கத்தரித்திருந்தால், ஒட்டுப்போட்டே மாதங்கள் போய்விடும். மலிவு விலைக்குப் பின்னால் பல நேரம் இதுதான் ஒளிந்திருக்கிறது.

பெட்ரோல் பம்பும் குழாயும் இன்னொன்று. இன்ஜெக்ஷன் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கார்புரேட்டருக்குப் போட்ட பழைய ரப்பர் குழாய் அதைத் தாங்காது. கசிந்தால் சூடான இஞ்சின்மேல் விழும். குழாயை இன்ஜெக்ஷனுக்கு உரியதாக மாற்றாமல் வண்டியை முடுக்க விடாதீர்கள். இஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் நிற்கும் என்பதால் உடனே கழற்றவும் கூடாது.

கடையிலிருந்து ரசீதையும் இறக்குமதிப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். இஞ்சின் எண் மாறுவதால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவிலும் அதை மாற்ற வேண்டும். புறப்படுவதற்கு முன் உங்கள் பழைய இஞ்சினின் எழுத்தையும் எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு அட்டையில் இருப்பதும் இஞ்சினில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று அப்போதே ஒருமுறை ஒத்துப்பார்த்துவிடுங்கள்.