விளையாட்டு மேசையும் அதன் விலையும்

என் தமையனாரின் மகன் விழுப்புரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். கேரமும் சதுரங்கமும் ஆடுவதில் அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் பெருவிருப்பம். விடுதிக்கென்று அவர்கள் சிறிது பணம் சேர்த்திருக்கிறார்கள். “சித்தப்பா, இந்தத் தொகை முழுவதையும் கொடுத்துத் தேக்கு மரத்தில் அழகிய விளையாட்டு மேசை ஒன்று செய்யச் சொல்லலாமா? அல்லது சாதாரணப் பலகைகளாகப் பல வாங்கலாமா?” என்று சென்ற மாதம் என்னைக் கேட்டான். கேள்வி சிறியதுதான். ஆயினும் அதைக் கேட்டவுடன், நான் பிறந்து வளர்ந்த திண்டிவனத்து வீட்டுத் திண்ணை என் நினைவுக்கு வந்தது.

என் தந்தையார் சதுரங்கப் பிரியர். விளக்கு வைத்ததும் அத்திண்ணையில் நண்பர்கள் கூடுவார்கள். அவர்களுள் மணிலாக்கொட்டை வியாபாரி ஒருவர். பள்ளி ஆசிரியர் ஒருவர். மாட்டு வண்டி ஓட்டிப் பிழைத்தவர் ஒருவர். அட்டையில் கட்டம் வரைந்து ஆடுவார்கள். சிப்பாய் ஒன்று காணாமற் போனால் புளியங்கொட்டை ஒன்று அதன் பதவியை ஏற்கும். ஆட்டத்தின் சுவை அதனால் குறைந்ததில்லை.

பல ஆண்டு சேமிப்பைக் கொண்டு தந்தையார் ஒரு மேசை செய்வித்தார். தேக்குமரம், மேலே இருநிற மரத்தில் இழைத்த அறுபத்து நான்கு கட்டங்கள், கால்களில் சித்திர வேலை. அது கூடத்தில் இடம் பெற்றது. நண்பர்கள் வந்தார்கள், வியந்தார்கள். ஆனால் காப்பித் தம்ளரை எங்கே வைப்பது என்று ஒருவர் தயங்கினார். வண்டிக்காரரோ புழுதிக் காலோடு கூடத்துக்குள் வரக் கூசி, வாயிற்படியிலேயே நின்றார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, பிணக்கும் இல்லை. சில மாதங்களில் கூட்டம் கலைந்தது. தந்தையார் தனியே அமர்ந்து, இரு பக்கத்துக் காய்களையும் தாமே நகர்த்திக்கொண்டிருந்த மாலைகளை நான் மறக்கவில்லை. அம்மேசை இன்றும் என் வீட்டில் இருக்கிறது. அதன்மேல் செய்தித்தாள்கள் கிடக்கின்றன.

ஆகவே விலையுயர்ந்த பொருள் எதுவுமே வேண்டா என்பது என் முடிவு என்று கருதிவிடாதீர்கள். கோணிய பலகையில் ஆடுவதும் ஆட்டத்துக்குச் செய்யும் அநீதியே. ஆட்டம் மேசையிடம் கேட்பது யாது? அதை முதலில் அறிதல் வேண்டும்.

கேரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஆடுதளம் பக்கத்துக்கு 73.5 முதல் 74 சென்டிமீட்டர் வரை உள்ள சதுரம். பலகை 8 மில்லிமீட்டருக்குக் குறையாத கனமுடையதாய் இருத்தல் வேண்டும். அதைத் தாங்கும் நிலை 63 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அமைதல் வேண்டும். தளம் சமமாகவும் வழவழப்பாகவும் இல்லாவிட்டால், அடித்த காய் குறி தவறியது ஆடியவன் குற்றமா, பலகையின் குற்றமா என்று எவ்வாறு அறிவது? இங்கே செலவிடும் பணம் வீண் அன்று.

சதுரங்கத்தின் தேவை இன்னும் எளியது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு பரிந்துரைக்கும் மேசையின் உயரம் 74 சென்டிமீட்டர். ஒரு கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 சென்டிமீட்டர். அரசன் காயின் உயரம் ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர். இந்த அளவுகளில் செதுக்கு வேலைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மரத்தின் இயல்பையும் அறிந்துகொள்ள வேண்டும். மரம் ஈரக் காற்றில் வீங்கும்; வறண்ட காற்றில் சுருங்கும். இழையின் நீளவாக்கில் இம்மாற்றம் மிகச் சிறிது, குறுக்குவாக்கிலோ அதிகம். ஆதலால் அகன்ற தனிப்பலகை, விலையுயர்ந்த மரமேயானாலும், ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையே வளையக்கூடும். பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையில் அடுத்தடுத்த தகடுகளின் இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுகின்றன. ஒன்று நீள முயல, மற்றொன்று தடுக்கிறது. எனவே கேரம் தளத்துக்கு ஒட்டுப்பலகை ஏற்றதாயிற்று. விலை குறைந்த பொருளே இங்கே வேலைக்கு உகந்த பொருளாகவும் விளங்குகிறது.

மேலைநாடுகளில் பலகை விளையாட்டுக்கென்றே தனி மேசைகள் விற்பனையாகின்றன. நடுப்பகுதி குழிந்திருக்கும், பாதியில் நின்ற ஆட்டத்தைக் கலைக்காமல் மேலே மூடி போட்டு, அதன்மீதே உணவு உண்ணலாம். சிலவற்றின் விலை ஆயிரக்கணக்கான டாலர். நாள்தோறும் கூடி, ஒரே ஆட்டத்தைப் பல மாலைகள் தொடர்ந்து ஆடும் குடும்பத்துக்கு அது பயன் தரலாம். மாதம் ஒருமுறை ஆடுபவருக்கு அது அலங்காரப் பொருளே.

நாற்காலிக்குச் செலவிடுவதில் மேசையைவிட நியாயம் மிகுதி. 1972 ஆம் ஆண்டு ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் பாபி ஃபிஷரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் உலகப் பட்டத்துக்காக ஆடினர். ஃபிஷர் தமக்கு விருப்பமான சுழல் நாற்காலியில் அமர்ந்தார். பின்னர் ஸ்பாஸ்கிக்கும் அதே வகை நாற்காலி வரவழைக்கப்பட்டது. சோவியத் தரப்பினர் ஐயம் எழுப்பவே, நாற்காலிகளும் விளக்கும் சோதிக்கப்பட்டன. அகப்பட்டவை செத்த ஈக்கள் இரண்டு! பல மணி நேரம் அமர்பவருக்கு நல்ல இருக்கை தேவைதான். ஆனால் ஒத்த நாற்காலிகளில் அமர்ந்த இருவருள் வென்றவர் ஒருவரே அன்றோ?

நம் நாட்டு ஆட்டங்களைப் பாருங்கள். பல்லாங்குழிக்குப் பக்கத்துக்கு ஏழு குழிகள். பலகை இல்லையேல் மண்ணில் தோண்டினாலும் போதும். ஆடுபுலி ஆட்டத்துக்குத் தரையில் சில கோடுகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் கேரத்தில் உலகப் பட்டம் வென்றார். 2024 இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்ற சென்னை காசிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். விசுவநாதன் ஆனந்த் சதுரங்கம் கற்றது தம் அன்னையாரிடம். பின்னர் வளர்ந்தது சென்னை தால் சதுரங்கக் கழகத்தில். ஒருவரை ஆட்டக்காரர் ஆக்குபவை சமமான பலகையும், எதிரே வந்து அமரும் ஆளும், இடைவிடாத பயிற்சியும்தாம்.

என் மகன் முறையானவனுக்கு நான் எழுதிய விடை இதுதான்: “ஒட்டுப்பலகையில் செய்த நல்ல கேரம் பலகை ஒன்று வாங்குங்கள், அதற்கு ஆடாத நிலை ஒன்றும், மேலே நிழல் விழாத விளக்கு ஒன்றும் வேண்டும். வாங்குமுன் பலகையைச் சமமான தரையில் கிடத்தி, நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார். தானே உருண்டால் அப்பலகை வேண்டா. மிச்சத் தொகைக்குச் சதுரங்கப் பலகைகள் மூன்று வாங்குங்கள். தேக்கு மேசையில் ஒரு நேரத்தில் ஆடுவோர் இருவர். இவ்வாறு செய்தால் கேரத்தில் நால்வரும் சதுரங்கத்தில் அறுவருமாகப் பதின்மர் ஆடலாம். தொடுவதற்கு எவனும் அஞ்சும் பொருளை மட்டும் விடுதிக்குள் கொண்டுவராதே.”

அவன் அவ்வாறே செய்தான். சென்ற வாரம் விழுப்புரம் போயிருந்தேன். கேரம் பலகையின் ஓரத்தில் அதற்குள் தேநீர்க் கறை ஒன்று படிந்திருந்தது. சமையற்கூடத்தில் வேலை செய்யும் பையன் ஒருவன், கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான்காவது ஆளாக அமர்ந்து சிவப்புக் காயை வீழ்த்தினான். எல்லாரும் ஆரவாரித்தார்கள். என் தந்தையாரின் திண்ணையை நான் மறுபடியும் கண்டேன்.