வேலையை விடுகிறீர்களா? பென் டிரைவைச் செருகும் முன் இதைப் படியுங்கள்!

ஆண்டிமடத்திலிருந்து வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியுள்ளார். ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் போகும் வழியில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே உள்ள ஊர் அது. அங்கே முந்திரிக் கொட்டை வாங்கி விற்கும் ஒரு கடையில் ஆறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறார். இப்போது அரியலூர் பக்கம் வேறு வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டரும் வாங்கியிருக்கிறார். கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் தன்னுடைய பைல்களை எல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு வீட்டிற்குக் கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து முதலாளியின் மகன், "போகும்போது ஒரு பைல் எடுத்தாலும் போலீஸில் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டாராம்.

அவர் எடுக்க நினைப்பது மூன்று. ஒரு மூட்டைக் கொட்டையில் எந்தத் தரப் பருப்பு எத்தனை கிலோ கிடைக்கும் என்று கணக்கிட அவரே தயாரித்த எக்ஸெல் பைல். கடைக் கம்ப்யூட்டரின் டி டிரைவில் போட்டு வைத்திருக்கும் மகளின் பிறந்தநாள் போட்டோக்கள். பிறகு, தன் மொபைல் போனில் இருக்கும் வியாபாரிகளின் எண்கள். "நான் திருடனா சார்?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

கேள்வி பதில் பகுதியில் இரண்டு வரியில் முடிக்கக் கூடிய விஷயம் இல்லை இது. கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் இருப்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

நான் தயாரித்த பைல் எனக்குச் சொந்தம் இல்லையா?

பெரும்பாலும் இல்லை. நம் நாட்டின் காப்புரிமைச் சட்டம் 1957ல் வந்தது. அதன் 17ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சம்பளத்திற்கு வேலை பார்க்கும் ஒருவர் அந்த வேலையின் பகுதியாக ஒன்றை உருவாக்கினால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத நிலையில், அதன் முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே. கம்ப்யூட்டர் புரோகிராம், டேட்டாபேஸ் ஆகியவையும் இந்தச் சட்டத்திற்குள் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்துதான் அந்த பார்முலாக்களைப் போட்டேன் என்கிறார் நம் வாசகர். நாளும் இடமும் இங்கே பெரிய விஷயம் இல்லை. கடை வேலைக்காகச் செய்ததா என்பதுதான் கேள்வி.

வெறும் முகவரிப் பட்டியல்தானே, இதற்கெல்லாம் கூடவா வழக்கு போடுவார்கள் என்று நினைக்கலாம். 1995லேயே போட்டுவிட்டார்கள். தபால் மூலம் பொருட்கள் விற்கும் பர்லிங்டன் ஹோம் ஷாப்பிங் என்ற நிறுவனத்திலிருந்து விலகிய ஒருவர், அங்கிருந்த வாடிக்கையாளர் முகவரி டேட்டாபேஸை வைத்துத் தானும் அதே தொழிலைத் தொடங்கினார். டெல்லி உயர்நீதிமன்றம் அந்த டேட்டாபேஸைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தது. உழைத்துச் சேகரித்துத் தொகுத்த பட்டியலுக்கும் காப்புரிமை உண்டு என்றது.

2006ல் வந்த இன்னொரு தீர்ப்பு இன்னும் சுவையானது. இதில் சிக்கியவர்களே வழக்கறிஞர்கள்! டெல்லியில் ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து சிலர் விலகினார்கள். போகும்போது பல ஜிபி அளவுக்கு டேட்டாவைக் காப்பி செய்து எடுத்துச் சென்றதாக நிறுவனம் வழக்கு தொடுத்தது. அந்த ஆவணங்களைத் தயாரித்ததே நாங்கள்தான் என்றார்கள் விலகியவர்கள். காப்பி செய்த எதையும் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் அதே உத்தரவில், அவர்கள் தொழிலைத் தாராளமாகத் தொடரலாம், தங்கள் திறமையையும் மனதில் தங்கியிருக்கும் விவரங்களையும் பயன்படுத்திக் கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டது.

அதே ஆண்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி, விலகிப் போன தன் அதிகாரி ஒருவர் மீது தொடுத்த வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் வங்கிக்குச் சாதகமாகத் தடை தரவில்லை. வாடிக்கையாளர் விவரங்கள் ரகசியம் என்று சொல்லி ஓர் ஊழியரை வேறு வேலைக்குப் போகவிடாமல் கட்டிப் போட முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவும், ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. "போட்டிக் கடைக்குப் போகக் கூடாது" என்று எழுதி வாங்கியிருந்தாலும், வேலையை விட்ட பிறகு பொதுவாக அது நிற்காது.

ஆக, நம் வாசகர் அந்த எக்ஸெல் பைலைக் காப்பி செய்யக் கூடாது. ஆனால் எக்ஸெல்லில் கணக்குப் போடும் அறிவை யாரும் பிடுங்க முடியாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு பைல் திறந்து, தன் மனதில் உள்ளபடி பார்முலாக்களை மறுபடி அமைத்துக் கொள்ளலாம். ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு ஒரு மாலை நேர வேலை. கடையின் கொள்முதல் விலைகளையும், யாரிடம் எத்தனை மூட்டை வாங்கினார்கள் என்ற பட்டியலையும் அதில் கொண்டு வந்து நிரப்பக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு பைல்!

பெரிய கம்பெனி, பெரிய ரகசியம் என்றால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஆந்தனி லெவண்டவ்ஸ்கி என்பவர் கூகுள் நிறுவனத்தில் தானோட்டிக் கார் திட்டத்தில் முக்கியப் பொறியாளராக இருந்தவர். 2016 ஜனவரியில் விலகினார். அவர் தொடங்கிய ஆட்டோ என்ற நிறுவனத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் ஊபர் வாங்கியது. சில மாதங்கள் கழித்து, உதிரிபாகம் செய்து தரும் நிறுவனம் ஒன்று அனுப்பிய இமெயில், தவறுதலாகக் கூகுளின் கார் நிறுவனமான வேமோவின் ஊழியருக்கும் போய்ச் சேர்ந்தது. அதில் ஊபருக்கான சர்க்யூட் போர்டு படம் இருந்தது. பார்த்தால் தங்கள் வடிவமைப்பைப் போலவே இருக்கிறது! பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். விலகும் முன் அவர் 14,000க்கும் மேற்பட்ட பைல்களை, அதாவது 9.7 ஜிபி அளவுக்கு, டவுன்லோடு செய்ததாகவும், பிறகு லேப்டாப்பை பார்மட் செய்ததாகவும் 2017 பிப்ரவரியில் வேமோ வழக்கு தொடுத்தது. அந்த வழக்கை முடித்துக் கொள்ள ஊபர் 2018ல் சுமார் 24.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்தது.

நாம் கவனிக்க வேண்டியது கிரிமினல் வழக்கை. 33 குற்றச்சாட்டுகளில் அவர் 2020ல் ஒன்றை மட்டும் ஒப்புக் கொண்டார். அது ரகசிய வரைபடம் எதுவும் இல்லை. திட்டம் எந்த அளவில் இருக்கிறது என்று வாராவாரம் குறித்து வைக்கும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்! அந்த ஒரு பைலுக்கு 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறைக்குப் போகும் முன்பே, 2021 ஜனவரியில் அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கிவிட்டார். நமக்கெல்லாம் அப்படி மன்னிப்பு வழங்க யாரும் இல்லை.

நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000த்தின் 43ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும். கம்ப்யூட்டரின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் டேட்டாவை டவுன்லோடு செய்வதும், காப்பி செய்வதும் இழப்பீடு தர வேண்டிய தவறு. நேர்மையற்ற நோக்கத்துடன் செய்திருந்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று, டேட்டாவை அழிப்பதும் இதே பிரிவுகளில்தான் வருகிறது. "நான் போட்ட பைல்தானே, எடுக்க விடாவிட்டால் அழித்துவிட்டுப் போகிறேன்" என்று கோபத்தில் ஷிப்ட் - டெலீட் அழுத்துகிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்.

யாருக்குத் தெரியப் போகிறது?

விண்டோஸுக்குத் தெரியும். நீங்கள் ஒரு பென் டிரைவைச் செருகியவுடன் அதன் தயாரிப்பாளர் பெயர், மாடல், பெரும்பாலும் சீரியல் எண் ஆகியவற்றை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் குறித்துக் கொள்கிறது. டிரைவைக் கழற்றிய பிறகும் அந்தக் குறிப்பு இருக்கும். முதன்முதலில் செருகிய தேதியும் நேரமும் ஒரு லாக் பைலில் பதிவாகும். எந்த பைலைத் திறந்தீர்கள் என்பதற்கும் ஷார்ட்கட்களாகத் தடயம் மிஞ்சும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம். சி டிரைவில் விண்டோஸ் போல்டரைத் திறந்து, அதனுள் ஐஎன்எப் என்ற போல்டருக்குச் செல்லவும். செட்அப்ஏபிஐ டெவ் என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் பைல் இருக்கும். அதை நோட்பேடில் திறந்து, கண்ட்ரோல் + எப் அழுத்தி, யுஎஸ்பிஸ்டோர் என்று ஆங்கிலத்தில் தேடினால், நீங்களே மறந்து போன பென் டிரைவ்கள் எல்லாம் வரிசையில் நிற்கும். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள், எதையும் மாற்ற வேண்டாம்.

இதனால்தான் மகளின் போட்டோக்களைக் கூட ரகசியமாக எடுக்க வேண்டாம் என்கிறேன். போட்டோக்கள் நிச்சயமாக உங்களுடையவை. ஆனால் கடைசி நாள் மாலை ஏழு மணிக்கு ஒரு பென் டிரைவ் செருகப்பட்டது என்று மட்டும்தான் பதிவு சொல்லும். அதில் போனது கேக் வெட்டும் படமா, கொள்முதல் கணக்கா என்று பிறகு நீங்கள் நிரூபித்துக் கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பதில், "டி டிரைவில் என் குடும்பப் போட்டோக்கள் உள்ள போல்டரை மட்டும் எடுத்துக் கொள்கிறேன் அண்ணே" என்று முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். சரி என்று பதில் வந்த பிறகு, அவரையோ மகனையோ பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு, காலியான ஒரு பென் டிரைவில் காப்பி செய்திடுங்கள். அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை

ஒளித்து எடுக்கும் அவசரத்தில், உரிமையோடு கேட்டு வாங்க வேண்டியதை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டுகள், பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், வருமான வரி பிடித்திருந்தால் அதற்கான சான்று. பி.எப். பிடித்தம் இருந்தால், விலகிய தேதியைக் கணக்கில் ஏற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். அது ஏறாமல் இருந்தால் பின்னால் அலைய வேண்டியிருக்கும். நோட்டீஸ் கொடுக்கும்போதே இவற்றைக் கேட்பது நல்லது. கடைசி நாளில் யாருக்கும் நேரம் இருக்காது.

உங்கள் போனில் இருப்பது

பெரிய ஆபீஸ்களில் தனி இமெயில், தனி லேப்டாப் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். நம் ஊர்க் கடைகளில் நிலைமை தலைகீழ். கடையின் விலைப் பட்டியல் கணக்கு எழுதுகிறவரின் ஜிமெயிலில் இருக்கும். பில்கள் அவருடைய வாட்ஸ்அப்பில் இருக்கும். இங்கே நீங்கள் எதையும் எடுக்காமலேயே கடையின் டேட்டா உங்கள் வீட்டிற்கு வந்துவிடுகிறது.

உங்கள் கூகுள் டிரைவில் கடை பைல்கள் இருந்தால், முதலாளியின் ஜிமெயில் முகவரியுடன் ஷேர் செய்து, பிறகு ஷேர் மெனுவிலேயே உள்ள உரிமை மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். அவர் தன் பக்கத்தில் அதை ஏற்றுக் கொண்டால்தான் மாற்றம் முடியும். எல்லாம் வந்து சேர்ந்தது என்று அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக் கொண்ட பிறகே உங்கள் பக்கத்தில் நீக்க வேண்டும். வியாபாரிகளின் எண்களையும் இதே முறையில் ஒப்படையுங்கள். பல ஆண்டுகளாகப் பேசிப் பழகியவர்களின் எண் உங்கள் போனில் இருப்பதே குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் கடையின் பட்டியலை அப்படியே புது முதலாளிக்கு அனுப்பினால், 1995ல் பர்லிங்டன் வழக்கில் சிக்கியவரின் நிலைக்குப் போய்விடுவீர்கள்.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். கடைக் கம்ப்யூட்டரின் குரோமில் உங்கள் ஜிமெயிலைத் திறந்து வைத்திருந்தால், சேமித்த பாஸ்வேர்டுகளும் அங்கே இருக்கக் கூடும். அந்தப் புரொபைலை நீக்கிவிடுங்கள். மறந்து வந்துவிட்டால், வீட்டிலிருந்தே கூகுள் அக்கவுண்டின் செக்யூரிட்டி பகுதிக்குச் சென்று, உங்கள் சாதனங்கள் பட்டியலில் கடைக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றலாம். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பகுதியிலும் இதைச் செய்திடுங்கள். கடை கொடுத்த சிம் என்றால், அந்த எண்ணில் உங்கள் வங்கிக் கணக்கோ ஆதாரோ இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணை மாற்றிய பிறகு சிம்மை ஒப்படையுங்கள்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு மட்டும் இன்னும் இரண்டு. டேலியில் டேலி வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதை முதலாளியிடம் எழுதிக் கொடுங்கள். அதை மறந்துவிட்டால் டேலி நிறுவனமே நினைத்தாலும் மீட்க முடியாது. அடுத்தது ஜி.எஸ்.டி. போர்ட்டல். பல கடைகளில் அதில் பதிவான மொபைல் எண் கணக்கு எழுதுகிறவருடையது. நம் வாசகரின் கடையிலும் அப்படித்தானாம், கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அவர் விலகிய பிறகு ஒவ்வொரு முறை ஓடிபி வரும்போதும் முதலாளியின் மகன் அவருக்குத்தான் போன் போட்டுக் கேட்க வேண்டும். எண்ணையும் இமெயிலையும் போர்ட்டலிலேயே திருத்தலாம், இதற்கு அதிகாரியின் ஒப்புதல் தேவை இல்லை. போலீஸ் என்று மிரட்டியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை மாற்றிக் கொடுங்கள். மகளின் போட்டோக்களைக் கேட்பதற்கும் அதுவே நல்ல சமயம்.