மிச்சத்தில் பிறந்த வேகம்

பிளாஸ்டிக் கார் கிட் வாங்கிக் கட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும், வண்டி முடிந்த பிறகும் பெட்டி காலியாகாது. அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் 1958-ல் ‘த்ரீ இன் ஒன்’ என்ற வழக்கத்தைத் தொடங்கியது. ஷோரூமிலிருந்து வந்தபடியே ஒரு வண்டி, அலங்கரித்த வண்டி, பந்தய வண்டி என மூன்றுக்கும் வேண்டிய பாகங்கள் ஒரே பெட்டியில் இருக்கும். கட்டப்போவது ஒன்றைத்தான். ஒரு எஞ்சின், ஒரு ஜோடி சக்கரம், பெயர் தெரியாத நாலைந்து குழாய்கள் என்று மிஞ்சிக்கொண்டே போகும். அந்த மிச்சங்களைச் சேர்த்துவைத்து, 1950, 60-களின் டிராக் ரேஸ் கார்களை 1/25 அளவில் கட்டுவது உலகம் முழுக்க இருக்கும் பழக்கம். செங்கல்பட்டில் உட்கார்ந்து நானும் அதைத்தான் செய்கிறேன்.

குறிப்புத்தாளைப் பார்த்து அப்படியே ஒட்டிய டிராக் காரைவிட, பத்துப் பெட்டிகளின் மிச்சத்தில் கட்டிய கார்தான் அசலுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. அசல் வண்டிகளே அப்படித்தான் பிறந்தன.

போர் முடிந்த கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் தெருவிலும் வறண்ட ஏரிப் படுகைகளிலும் கார்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள். 1950-ல் சாந்தா ஆனா விமான நிலைய ஓடுபாதையில் முறையான டிராக் பந்தயம் தொடங்கியது. நின்ற இடத்திலிருந்து இரண்டு வண்டிகள் கிளம்பும். கால் மைலை, அதாவது 402 மீட்டரை, முதலில் கடப்பது வெல்லும். தெருவில் ஓடிய வேகத்தைத் தெருவிலிருந்து எடுக்க வேண்டும் என்றுதான் வாலி பார்க்ஸ் 1951-ல் என்.எச்.ஆர்.ஏ. சங்கத்தைத் தொடங்கினார். ஈசிஆரில் இரவு நேரத்தில் பைக்குகள் சீறும் சத்தத்தைக் கேட்கிறவர்களுக்கு அவர் கவலை உடனே புரியும்.

பந்தயம் விட வந்தவர்களிடம் காசு இல்லை. காயலான் கடை இருந்தது. பழைய ஃபோர்டின் பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பின் ஆக்சில் ஓல்ட்ஸ்மொபைலிலிருந்து வந்தது. விபத்தில் நசுங்கிய கிரைஸ்லர் செடானிலிருந்து ‘ஹெமி’ எஞ்சினை உருவிக்கொண்டார்கள். எடை முழுவதும் பின்சக்கரத்தை அழுத்த வேண்டும் என்பதற்காக ஓட்டுநரைப் பின் ஆக்சிலுக்கும் பின்னால் உட்கார வைத்தார்கள். அந்த வடிவத்துக்கு ‘ஸ்லிங்ஷாட்’ என்று பெயர். எஞ்சினும் கியரும் அவர் கால்களுக்கு முன்னாலேயே இருக்கும். 1970-ல் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பில் பந்தய வீரர் டான் கார்லிட்ஸின் கியர்பாக்ஸ் வெடித்து, வண்டி இரண்டாகப் பிளந்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்த வண்டியோடு அடுத்த ஆண்டே திரும்பி வந்து ஜெயித்தார். ஸ்லிங்ஷாட்டின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. ‘பழைய’ டிராக் கார் கட்டுகிறவர்களில் பலர் 1970-ஐ ஒட்டிக் கோடு கிழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் பக்கம் வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போருக்காகப் போட்டு, பிறகு கைவிட்ட ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-ல் அதே கிளப் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக்கைத் திறந்தது. இரண்டு இடங்களுமே அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் மாவட்டம் பிரிந்த பிறகுதான் ஒன்று திருவள்ளூருக்கும் மற்றது காஞ்சிபுரத்துக்கும் போயின. தென்னிந்தியக் கார் பந்தயத்தின் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் பழைய செங்கல்பட்டு ஜில்லா என்று தயங்காமல் சொல்லலாம்.

சோழவரத்தில் ஓடியது கால் மைல் பந்தயம் மட்டுமல்ல. வளைவுகளோடு சுற்றி வரும் ரேஸ்தான் அங்கே பிரதானம். ஆனால் வண்டி பிறந்த விதம் ஒன்றே. வெளிநாட்டுக் கார் இறக்குமதி குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. ஃபியட்டையும் ஹெரால்டையும் அம்பாசடரையும் பிரித்து, ஒன்றின் எஞ்சினை இன்னொன்றின் சட்டத்தில் ஏற்றி, தகரத்தில் மூக்கு அடித்து, ‘ஸ்பெஷல்’ என்று பெயர் சூட்டி இறக்கினார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் இதை ஒரு படி மேலே கொண்டுபோனவர். மாருதியின் எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கை ரேஸ் கார்களில்தான் நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்க்கை தொடங்கியது.

எனக்குப் பிடித்த வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான, மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த கார். அதன் முன்பக்கம் முழுவதும், பானெட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து, ஒரே துண்டாக முன்னோக்கி மடிந்து திறக்கும். அமெரிக்க ‘காசர்’ வண்டிக்காரர்கள் ஃபைபர் கிளாஸில் காசு செலவழித்துச் செய்துகொண்ட ஏற்பாடு அது. வண்டலூரில் ஃபேக்டரியிலேயே கொடுத்தார்கள்! சேசிஸ் தனி, பாடி தனி என்பதும் கூடுதல் வசதி. காசர் என்பது பெட்ரோலில் ஓடும், மூக்கைத் தூக்கி நிற்கும் செடான் வகை. பழைய பிக்கப்பின் நேரான முன் ஆக்சிலைக் கீழே கொடுத்து உயர்த்தினால், கிளம்பும்போது எடை பின்னால் சாயும்.

ஆகவே ஒரு ஹெரால்டு காசர். இப்படி ஒன்று எங்கும் ஓடியதாகத் தெரியாது. ஓடியிருக்க வேண்டிய வண்டி. 1/25-ல் நீளம் 15.5 செ.மீ., இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே 9.3 செ.மீ. ஏர்ஃபிக்ஸின் ஹெரால்டு கிட் 1/32 அளவு. அதற்குள் 1/25 எஞ்சினை வைத்தால் அசலில் கால் பங்குக்கும் மேல் பெரிதான எஞ்சினாகிவிடும். கண் அதை மன்னிக்காது. 1/24-ஐயும் 1/25-ஐயும் கலக்கலாம், அதற்கு மேல் கூடாது. எனவே பாடியைப் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டித்தான் எடுக்க வேண்டும். முன் ஆக்சில் ஒரு பிக்கப் கிட்டின் மிச்சம். ஹெரால்டின் அசல் பின் ஆக்சில் சுமை மாறும்போது சக்கரத்தை உள்ளே மடக்கும் ரகம். இதில் ஏற்றப்போகும் வி8 எஞ்சினின் இழுப்புக்கு அது ஆகாது. அதே பிக்கப்பின் நேர் ஆக்சிலே பின்னாலும் போகும்.

பழைய பாகங்களில் பளபளக்கும் குரோம் பூச்சு இருந்தால் பசை பிடிக்காது. துணி வெளுக்கும் ப்ளீச்சில் ஊறவைத்தால் பூச்சு கழன்றுவிடும். பிளக் ஒயருக்கு, செத்துப்போன செல்போன் சார்ஜரின் கேபிளைப் பிரித்தால் தலைமுடி மாதிரிச் செம்பு இழைகள் கிடைக்கும். ஹெட்லைட் கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் குமிழ் போதும். பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தியின் மேல் காட்டி, இளகும்போது இரண்டு கையாலும் இழுத்தால் கம்பியாக நீளும். பெட்ரோல் பைப் அதுதான். வினைல் டயரைச் சக்கரத்தோடு மாட்டி ஆண்டுக்கணக்கில் வைக்கக் கூடாது. டயரிலிருந்து கசியும் பொருள் சக்கரத்தை அரித்துவிடும். நடுவே ஏதாவது தடுப்பு வேண்டும்.

இந்தக் கரையோரத்தில் பெரிய எதிரி ஈரக்காற்று. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, சிவப்பு பெயின்ட் வெள்ளை பூத்துப்போகும். மாமல்லபுரம் பக்கம் இருப்பவர்கள் மாசி, பங்குனியில், பனி விலகிய பிறகு, கடல்காற்று எழும்புவதற்கு முன் ஸ்ப்ரேயை முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் எஞ்சின் வேலை மட்டும் பார்க்கலாம்.

இதே கரையில்தான் ஐந்து ரதங்கள் நிற்கின்றன. மரத்தால் கட்டிக் கூரை வேய்ந்த கட்டடங்களின் உறுப்புகளைப் பல்லவச் சிற்பிகள் பாறையில் செதுக்கிக் காட்டிய இடம். திரௌபதி ரதத்தின் கூரை விளிம்பை உற்றுப் பார்த்தால், வேறொரு பொருளில் வடிவத்தை மாற்றி எழுதும்போது எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவுகள் தெரியும். பத்து மில்லிமீட்டர் போல்ட் 1/25-ல் 0.4 மில்லிமீட்டர். வைப்பதா, விடுவதா? எஞ்சின் மூடியில் வைப்பேன். சேசிஸுக்கு அடியில் விட்டுவிடுவேன்.

பாம்பும் கீரியும் என்று பெயர் வாங்கிய டிராக் பந்தய வீரர்கள் டான் ப்ரூதோம், டாம் மெக்யூவன் இருவரின் கார்களை மேட்டல் நிறுவனம் 1970-ல் ஹாட் வீல்ஸ் பொம்மையாக்கியது. கார்லிட்ஸின் வண்டிகளுக்குக் கிட் உண்டு. சோழவரத்து ஸ்பெஷல்களுக்கு எந்தப் பெட்டியும் வரவில்லை. மிச்சப் பாகங்களில் கட்டுகிறவர்கள் கட்டினால்தான் உண்டு. அதற்குப் படம் வேண்டும். அந்த வண்டிகளைத் தொட்டு வேலை பார்த்த மெக்கானிக்குகளின் வீட்டு ஆல்பங்களில் அவை இருக்கக்கூடும். முன்பக்கப் படமோ பின்பக்கப் படமோ போதாது, பக்கவாட்டுப் படம் வேண்டும். சக்கரம் முழுதாகத் தெரிந்தால் மற்ற எல்லா அளவையும் அதிலிருந்தே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஹெரால்டின் ரிம் 13 அங்குலம், 1/25-ல் 13.2 மில்லிமீட்டர்.