இரைச்சல் கம்ப்யூட்டரில் இல்லை

எலெக்ட்ரிக் கிதாரை வீட்டில் ரெக்கார்டு செய்ய உட்காருகிறவர்களுக்கு ஹெட்போனில் முதலில் கேட்பது பெரும்பாலும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல்தான். உடனே கம்ப்யூட்டர் மேல் பழி விழுகிறது. புது ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு விலை விசாரிக்கத் தொடங்குகிறோம். பணத்தை எடுப்பதற்கு முன்னால், கிதாரைப் பிடித்தபடியே நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு பக்கம் இரைச்சல் ஏறி, இன்னொரு பக்கம் தணிந்தால், கோளாறு அறையில் இருக்கிறது.

பிக்கப் என்பது காந்தத்தின் மேல் பல ஆயிரம் சுற்று சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி. தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற அதே சுருள், வீட்டு ஒயரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் பிடித்துவிடும். இதற்காகத்தான் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர், 1955-இல் ஹம்பக்கர் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதில் இரண்டு சுருள்கள். வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி சேர்ந்துகொள்ளும். சிங்கிள் காயில் கிதாருக்கு அந்தக் காவல் கிடையாது.

நம் வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபேன் ரெகுலேட்டரைத்தான். சில எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் மின் அலையை நறுக்கி நறுக்கி அனுப்பித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த நறுக்கல் 'ஜ்ர்ர்' என்று பதிவில் விழும். ஃபேனை நிறுத்துங்கள், தெரிந்துவிடும். அடுத்து லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் சிக்கல் சார்ஜரிலோ எர்த்திலோ இருக்கிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டினால் பல சமயம் சரியாகும். எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு. விரலில் சுருக்கென்று மின்சாரம் தெரிந்தாலோ அப்படியே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஒலி தணிந்ததும் வழியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டு இதையெல்லாம் மூடி மறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாசிக்கும்போது இரைச்சல் அப்படியேதான் இருக்கும். சுரம் ஓயும் இடத்தில் அதன் வாலையும் கேட் வெட்டிவிடும்.

மீட்டிய பிறகு ஒலி தாமதமாகக் காதில் விழுவது வேறு கதை. நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில், கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைக்கும் பஃபர் 1024 சாம்பிளாக இருந்தால் 23 மில்லி செகண்ட் பிடிக்கும். போக, வர இரண்டு முறை. அதையே 128 ஆக்கினால் 3 மில்லி செகண்டுக்கும் குறைவு. 'பட் பட்' என்று வெடிப்பு கேட்டால் ஒரு படி ஏற்றுங்கள். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரைப் போடாமல் பஃபரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதா? கிதாரை மைக் துளையில் செருகியிருப்பீர்கள். சாதாரண பிக்கப்புக்குச் சுமார் 10 லட்சம் ஓம் தடை உள்ள இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் வேண்டும். இல்லையென்றால் மேல் ஸ்தாயி மங்கிவிடும்.

கார்வை கொடுத்த சுரம் பாதியில் தானாகத் தேய்கிறது என்றால் உங்கள் விரலைச் சந்தேகிக்காதீர்கள். கம்ப்யூட்டரில் பேச்சுக்காக வைத்திருக்கும் நாய்ஸ் சப்ரஷன், ஒரே சீராக நீளும் ஒலியை ஃபேன் சத்தம் என்று எண்ணி அழிக்கிறது. சவுண்ட் செட்டிங்கில் கிதார் வரும் இன்புட்டுக்கான ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் முழுவதையும் அணைத்துவிட்டு, அதே சுரத்தை மறுபடி நீட்டி வாசித்துப் பாருங்கள்.