ஸ்மார்ட் சிட்டி: திறப்பு விழாவுக்கு அப்புறம் பில் யாருக்கு?

சென்னை பாண்டி பஜார் நடைபாதையில நடந்திருக்கீங்களா? 2019 நவம்பரில் திறந்த அந்த வளாகம், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாயில் உருவானது. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பயமில்லாமல் நடக்க முடிகிறது. இது பெரிய பலன்தான். ஆனா இதை எக்செல் ஷீட்டில் எத்தனை ரூபாய்னு போடுவீங்க?

சரி, அடுத்த பக்கம். 2021 நவம்பர் மழையில் அதே தி.நகர் தண்ணீரில் நின்றது. மேலே செய்த அழகு கண்ணுக்குத் தெரிந்தது. கீழே இருக்கும் வடிகால் மழை வந்தபோதுதான் ஞாபகத்துக்கு வந்தது. முறைகேடு நடந்ததா என்று விசாரிக்க அரசு ஆணையமே அமைத்தது.

2015-ல் தொடங்கிய இத்திட்டத்தில் 100 நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் மத்திய அரசு 5 ஆண்டுகளில் 500 கோடி வரை தரும். அதே அளவு மாநில அரசும் உள்ளாட்சியும் போட வேண்டும். பலமுறை நீட்டித்து, 2025 மார்ச்சில் முடித்துவிட்டார்கள். கேமரா, சென்சார், கட்டுப்பாட்டு அறை மட்டும் முடியாது. அதுக்கு கரன்ட் பில், ரிப்பேர் எல்லாம் வந்துக்கிட்டே இருக்கும்.

ஒரு பேச்சுக்கு, சென்சார் விலை 10,000 ரூபாய், பராமரிப்பு வருஷத்துக்கு 2,000 என்று வைங்க. 10 வருஷத்தில் மொத்தம் 30,000. டெண்டரில் பெரிசா தெரியறது முதல் 10,000 மட்டும்தான்.

ஃபைனல் இயர்ல ‘ஸ்மார்ட் குப்பைத்தொட்டி’ செய்யாத பேட்ச் உண்டா? அடுத்த முறை கோடு எழுதும் முன்னாடி, அந்த சென்சாரால குப்பை லாரிக்கு வாரத்துக்கு எத்தனை ட்ரிப் மிச்சம்னு எண்ணிப் பாருங்க. ஹாஸ்டல் பின்னாடி இருக்கிற தொட்டியிலேயே ஆரம்பிக்கலாம்.